கரையில் நண்டா, மலாயன் கபேயில் வாழையிலையா?

எங்கள் கூட்டாளிமார் ஏழு பேரும் ஒரு போயா விடுமுறையில் கூடி மதியம் ஒன்றாகச் சாப்பிடுவது என்று முடிவானதும், எங்கே என்பதில்தான் இழுபறி. முல்லைத்தீவுக் கடற்கரை என்று நாலு பேர் நின்றார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய சைவக்கடையான மலாயன் கபே என்று இரண்டு பேர், அதில் நான் ஒருவன். ஏழாமவன் மன்னார்க்காரன், தன் ஊருக்கு வரச் சொன்னான். கடைசியில் யாழ்ப்பாணம்தான் போனோம். வன்னியில் இருந்துகொண்டு இப்படிப் பழைய கூட்டாளிகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், மூன்று இடத்தையும் நாங்கள் எப்படி எடைபோட்டோம் என்று எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

வன்னிக்குள்ளேயே ஒரு பழைய கடை இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கிளிநொச்சிப் பட்டினம் 1996-இலும் 2008 முடிவிலும் சனமில்லாமல் வெறுமையானது. இன்று அங்கே சாப்பாட்டுக்கடை என்று இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. முல்லைத்தீவை 2004 டிசம்பர் 26 அன்று கடல் அடித்தது, மிஞ்சியதைப் போர் தின்றது. ஆனையிறவில் கடனீரேரியைப் பார்த்தபடி ஒல்லாந்தர் காலக் காவற்கோட்டை ஒன்று வாடிவீடாக இருந்தது. யாழ்ப்பாணம் போய்வரும் வழியில் அங்கே இறங்கிச் சாப்பிட்டதை எங்கள் அப்பாமார் கதைகதையாகச் சொல்வார்கள். அதுவும் போருக்குள் போய்விட்டது. தாத்தா இருந்த மேசையில் பேரனும் இருந்து சாப்பிடக்கூடிய கடை எங்கள் பக்கத்தில் இல்லை. இது சின்ன இழப்பு என்று சிலர் நினைக்கலாம், நான் அப்படி நினைக்கவில்லை.

மன்னாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட்டை இருக்கிறது, 1560-இல் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியது. பள்ளிமுனையில் அந்தப் பெருத்த பெருக்கமரம் நிற்கிறது. மீனுக்குக் குறைவில்லை, திரும்பும்போது நல்ல கருவாடும் வாங்கி வரலாம். ஆனால் ஏழு பேரில் ஆறு பேருக்கு அது ஒதுக்குப்புறம். மன்னார்க்காரனே கடைசியில், "எனக்கு யாழ்ப்பாணம் லேசு மச்சான், பூநகரிப் பாதையால ஏறினா நேர வந்திடுவன்" என்றான். உண்மைதான். 2011-இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு ஏ32 பாதை மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கிட்டக் கொண்டுவந்துவிட்டது. மன்னாரில் இருந்து சாப்பிட்ட அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே ஒரு நல்ல பழைய இடம் இருந்து, அதை நான் தவறவிட்டிருந்தால், தெரிந்தவர்கள் அதையே தேர்ந்தெடுங்கள்.

மெய்யான போட்டி முல்லைத்தீவோடுதான். நாங்கள் எல்லாரும் முள்ளியவளைப் பக்கத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தக் கரை எங்கள் சொந்தக் கரை. பண்டாரவன்னியன் 1803-இல் பிடித்த கோட்டை நின்ற ஊர் அது. கோட்டை இல்லை, ஆனாலும் ஊர் இருக்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் அதை யாழ்ப்பாணத்து எந்தக் கடையும் வெல்ல முடியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நந்திக்கடல் இறால், விடியக் கரைவலையில் ஏறிய சூடை, தூள் தூக்கலாகப் போட்டு முருங்கையிலை தூவி இறக்கிய நண்டுக் கறி. கரையோரக் கடைக்கு முதல்நாளே சொல்லிவைத்தால் கிலோக் கணக்கில் வாங்கிச் சமைத்துத் தருவார்கள். காற்று வரும். சாப்பிட்ட பிறகும் யாரும் எழும்பச் சொல்லமாட்டார்கள். கனடாவில் இருந்து வந்தவன் இந்த நண்டை நினைத்துக்கொண்டுதான் விமானமே ஏறினான்.

அவனுக்கு நான் சொன்ன பதில் இது. நண்டு வீட்டுச் சாப்பாடு. அதை உடைக்கக் கல் வேண்டும், சட்டை அழுக்காகும், கை நிறைய ஒழுகும், பக்கத்தில் இருப்பவனின் கோப்பையில் ஓடு விழும். வீட்டுக் குசினியில் பாயைப் போட்டு இருந்து தின்றால்தான் அது நண்டு. கடைக்குப் போவதென்றால், வீட்டில் செய்யமுடியாததைத் தேடிப் போகவேண்டும். ஏழு பேருக்கு வாழையிலை போட்டு அஞ்சாறு மரக்கறியும் பச்சடியும் ரசமும் பாயாசமும் என்று ஒரு வீட்டில் சமைக்கச் சொன்னால், அந்த வீட்டுப் பெண்பிள்ளை விடியக் கோழி கூவ முதல் எழும்பி, நாங்கள் கைகழுவும்வரை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். நாங்கள் கூடிக் கதைக்க இன்னொருத்தியின் விடுமுறையை எடுப்பது சரியில்லை.

ஆனால் என்னை உறுதியாக யாழ்ப்பாணத்தின் பக்கம் தள்ளியது இதுகூட இல்லை. ஏழு பேரும் ஒரே பந்தியில், ஒரே சாப்பாட்டை, மனத்தில் சின்னக் கூச்சமும் இல்லாமல் உண்ணமுடியுமா என்ற ஒரே கேள்விதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அந்தப் போயா வெள்ளிக்கிழமையில் வந்தது. எங்களில் ஒருவன் வெள்ளியில் மச்சம் தொடான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்னொருவனுக்குத் தாய் போய்விட்டார், அவன் பௌர்ணமி விரதம். போயா என்றாலே பௌர்ணமிதானே. மூன்றாமவன் தண்ணீரூற்று முஸ்லிம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போனவன், பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறான். அவனுக்கு மீன் பிரச்சினையில்லை. ஆனால் அதே தாச்சியில் முதலில் என்ன வதங்கியது, கோழி ஹலாலா, பக்கத்து மேசையில் போத்தல் இருக்கிறதா என்று அவன் யோசிக்கத்தான் செய்வான். கேட்கமாட்டான். "நான் பிறகு சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று பிளேன்டீயோடு இருந்துவிடுவான். விரதக்காரன் சோறும் பருப்பும் மட்டும் போட்டு, மீன்கறிக் கரண்டி அதற்குள் பட்டிருக்குமோ என்று ஓரமாகத் தின்பான். போயா நாளில் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு என்பது உண்மை. அதனால் அந்தச் சங்கடத்தில் பாதி குறையும், மீதி இருக்கும்.

இவ்வளவு வருடம் கழித்துக் கூடுகிற கூட்டத்தில் ஒருவன் ஓரமாக இருந்தால், அந்தக் கூட்டம் கூடியதாக எனக்குப் படாது. அதுவும் ஒருமுறை ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டவன் எங்கள் மேசையில் ஓரமாக இருக்கக்கூடாது. சைவக்கடையில் இந்தக் கேள்விகள் எதுவும் எழாது. அடுப்பில் மச்சம் ஏறியதே இல்லை. விரதக்காரன், முஸ்லிம், தவக்கால வெள்ளியில் இறைச்சி தவிர்க்கிற மன்னார்க் கத்தோலிக்கன், சீனி வருத்தத்துக்குச் சோற்றை அளந்து தின்கிறவன் எல்லாருக்கும் ஒரே வாளியிலிருந்து ஒரே கறி விழும். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததாகக்கூடத் தெரியாது.

ஜும்ஆவும் இருக்கிறது. வெள்ளி மதியம் தொழுகை முடித்துத்தான் அவன் சாப்பிட வருவான். யாழ்ப்பாணத்தில் சோனகதெருப் பள்ளிவாசலுக்குப் பட்டினத்திலிருந்து ஓட்டோவில் போய்வந்துவிடலாம். அவன் தொழுதுவிட்டு வரும் நேரத்தில் மதியக் கூட்டமும் தணிந்திருக்கும். இதைச் சொன்னதும்தான் நண்டுக் கட்சி நாலு பேரும் வாயை மூடினார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பரந்தனால் திரும்பி ஏ35 வழியாகப் போனால் புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு வட்டுவாகல் பாலம். அந்த நிலத்தில் வீட்டாரைப் பறிகொடுத்தவன் எங்களில் இருக்கிறான். வரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். மாங்குளத்தால் ஒட்டுசுட்டான் பாதையைப் பிடித்தும் போகலாம். ஆனால் சிரித்துக் கதைக்க என்று போகும் நாளில், வழியைச் சுற்றிப் போவதே அவனுக்கு எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தும். அந்தக் கரைக்கு அவனோடு போக வேறு நாள் இருக்கிறது.

இனி மலாயன் கபே. பட்டினத்தின் நடுவில், சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் கிட்ட இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தார் ரயில்வே வேலைக்கும் கிளாக்கர் வேலைக்கும் கூட்டங்கூட்டமாக மலாயா போனார்கள். பெயரைக் கேட்டதும் எனக்கு அந்தத் தலைமுறைதான் ஞாபகம் வரும். உள்ளே சலவைக்கல் போட்ட மேசைகள், கண்ணாடி வைத்த மர அலுமாரிகளில் வடையும் பலகாரமும், சுவரில் சாமியார்மாரின் படங்கள். பழமையை வாங்கிக்கொண்டு வந்து ஒட்டியது இல்லை. சனம் தினமும் சாப்பிட்டுத் தேய்ந்த பழமை. எங்களுக்கு இதில் இன்னொரு கனம் இருக்கிறது. வாலிப வயதில் யாழ்ப்பாணம் எங்களுக்கு எட்டாத ஊர். ஏ9 பாதை 2002-இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மறுபடி பூட்டுப்பட்டது. ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஒக்ரோபர் ஆகியது. பெரியவர்கள் சொல்லக் கேட்ட இலைச்சாப்பாட்டை, தலை நரைத்த பிறகு ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

இலை போட்டதும் சோறு வரும். அன்று பருப்பு, கத்தரிக்காய், கீரை, வாழைக்காய், அப்பளம், மோர்மிளகாய், கடைசியில் ரசம். பரிமாறுகிறவர் வாளியோடு சுற்றிக்கொண்டே, "அண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் கையால் இலையை மறைக்கவேண்டும், வாயால் சொன்னால் விழுந்துவிடும். ரசம்தான் எனக்குப் பிடித்தது. மிளகும் சீரகமும் தொண்டையில் பிடிக்கிற மாதிரி. சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாங்களே மடித்து எடுத்துக்கொண்டுபோய், அதற்கென்று இருக்கிற வழியால் தள்ளிவிட வேண்டும். அது மாடுகளுக்குப் போகும். எங்கள் கனடாக்காரன் இதற்காகவே இரண்டாம்தரம் எழும்பி, பக்கத்தில் இருந்தவனின் இலையையும் எடுத்துக்கொண்டு போனான். காசு விஷயத்தில் ஒன்றே சொல்வேன். ஏழு பேரின் சாப்பாட்டுக் கணக்கு, கரையில் நண்டுக்குக் கேட்ட விலைக்குக் கிட்டவும் வரவில்லை. விலைகள் மாறுகிற காலம், போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

குறையென்று ஒன்றைச் சொல்லவேண்டும். சாப்பிட்ட பிறகு அங்கே இருந்து கதைக்க முடியாது. யாரும் எழும்பச் சொல்வதில்லை, ஆனால் இலைக்காகச் சனம் நிற்கும்போது எங்களுக்கே இருக்க மனம் வராது. மதியத்தில் சைவக்கடை எதுவும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் முல்லைத்தீவுக் கரை தெளிவாக வெல்கிறது. நாங்கள் அதற்கு ஒல்லாந்தர் கோட்டையை வைத்திருந்தோம். கடையிலிருந்து வயிறு செமிக்கிற அளவு நடை. கோட்டை மதிலில் ஏறினால் பண்ணைக் கடல், தீவுப்பக்கம் போகிற பாலப்பாதை, காற்று. கதை எல்லாம் அங்கேதான் நடந்தது, பொழுது சாயும்வரை. பிறகு சிலர் நல்லூருக்குப் போய் ரியோவில் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். சீனி வருத்தக்காரன் கோயில் வாசலில் காத்திருந்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு இந்தக் கடை எப்படி என்று என்னால் பெரிதாகச் சொல்லமுடியாது. நான் போனதெல்லாம் மதியமும், சிலவேளை காலைத் தோசைக்கும்தான். பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஏழு எட்டுப் பேர் வரை ஒரே பக்கத்தில் இருக்கக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் போனால் பிரிந்துதான் இருக்கவேண்டி வரும். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் பட்டினத்தின் சைவக்கடைகள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் பதினொன்றரைக்கு முதல் போய்விடுங்கள், இல்லையென்றால் வேறு மாதம் பாருங்கள்.

வவுனியாவிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வரலாம், யாழ்ப்பாண நிலையத்திலிருந்து கடைக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம். நாங்கள் கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்துப் போனோம். வவுனியாவிலிருந்து ஏ9-இல் வானில் வருகிறவர்கள் முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொள்வார்கள். அதை வழியிலேயே தின்று முடித்துவிடாதீர்கள், இலைக்கு வயிற்றில் இடம் வேண்டும். உங்கள் கூட்டத்தில் விரதக்காரரோ, ஹலால் பார்ப்பவரோ இல்லை, எல்லாரும் மச்சம் தின்கிறவர்கள், சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள், மண்ணில் ஓடி விளையாட இடமும் வேண்டும் என்றால் முல்லைத்தீவுக்கே போங்கள். நண்டுக்கு முதல்நாள் பின்னேரமே சொல்லிவையுங்கள். எங்கள் கனடாக்காரனுக்கு அடுத்த நாள் அவன் அக்கா வீட்டில், குசினிப் பாயில், அம்மிக்குழவியோடு நண்டு கிடைத்தது.