நைரோபி முதல் கேப்டவுன் வரை: ஓவர்லேண்ட் லாரிப் பயணம், பல வருட அனுபவம்

ஆப்பிரிக்காவில் லாரியில் குழுவாகப் போகும் ஓவர்லேண்ட் பயணத்தைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லோரும் சிங்கம் பார்க்கலாமா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் சிங்கத்தைப் பார்ப்பது அரைமணி நேரம், லாரியில் குலுங்குவது வாரக்கணக்கில். நைரோபி–கேப்டவுன் பாதையை நான் பல வருடங்களில், துண்டு துண்டாக, வெவ்வேறு நிறுவனங்களோடு போய் முடித்தேன். அதனால் லாரியைப் பற்றியும், கூட வருகிற ஆட்களைப் பற்றியும், இரண்டும் மக்கர் பண்ணும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றியும் சொல்கிறேன்.

வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஸ்கேனியா, மெர்சிடிஸ் போன்ற கனரக லாரியின் சேஸிஸ் மேல் உயரமாகப் பயணிகள் அறை கட்டியிருப்பார்கள். இருபதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கைகள். வெளிப்பக்கக் கதவைத் தூக்கினால் காஸ் அடுப்பும் பாத்திர அலமாரியும் மடக்கு மேசையுமாக முழுச் சமையலறை. பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும், மண்சாலையில் புழுதி முழுக்க அங்கேதான் வந்து சேரும். நல்ல குழுவில் தினமும் சீட்டைச் சுற்றில் விடுவார்கள்.

வேலையும் சுற்றில்தான். ஒருநாள் வெங்காயம் உரிப்பது, மறுநாள் பாத்திரம், அப்புறம் வண்டியைப் பெருக்குவது. கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. கைக்கு ஒன்றாகப் பிடித்து, ஈரம் போகும்வரை காற்றில் வீச வேண்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. தான்சானியாவில் ஒருவருக்கு ஆரம்பித்த வயிற்றுப்போக்கு பாதி வண்டிக்குப் பரவி, ஒதுங்கப் புதர்கூட இல்லாத சாலையில் மணிக்கு நாலு தடவை வண்டியை நிறுத்தியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. துடைக்கிற துணி ஒன்று போதும், எல்லோருக்கும் பரவ. சாப்பாட்டுக்கு முன் டெட்டால் தண்ணீரில் கை நனைப்பதையும் யாரும் தவிர்க்க முடியாது.

பெரிய சிக்கல் மலாவியில், மழைக்காலத்தில். ஏரிக்கரை முகாமுக்குப் பிரியும் மண்பாதையில் பின் சக்கரம் இறங்கியது. டிரைவர் ஒரே ஒரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி இன்னும் புதைந்தது. உடனே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். விவரமான டிரைவர் இப்படித்தான் செய்வார், விவரமில்லாதவர் அச்சு தரையைத் தொடும்வரை மிதிப்பார். வண்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த, துளை போட்ட இரும்புத் தகடுகளை அதுவரை அலங்காரம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சக்கரத்துக்கு முன்னால் சேற்றைச் சரிவாக வெட்டித் தகட்டைச் செருக வேண்டும். வண்டி தகட்டின் நீளத்துக்கு மட்டும் நகரும். பிறகு பின்னால் அமுங்கிப்போன தகட்டைத் தோண்டி எடுத்து மறுபடி முன்னால் போட வேண்டும். எடுப்பதுதான் பெரும்பாடு. சேறு தகட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மூன்று பேர் இழுத்து, திடீரென்று விடுபட்டு, மூவரும் மல்லாக்க விழுவார்கள். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கூலி பேசி முடிந்ததும் நாங்கள் ஒரு மணி நேரம் தோண்டியதை அவர்கள் பத்து நிமிடத்தில் தோண்டினார்கள். ஊர்ப்பிள்ளைகள் வரிசையாக நின்று, யாராவது வழுக்கி விழும்போதெல்லாம் கைதட்டினார்கள்.

அன்றைக்குத்தான் குழுவில் யார் யார் என்று தெரிந்தது. தினமும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட பெண்மணி முழங்கால் சேற்றில் நின்று தகடு இழுத்தார். சாகசம் பற்றி ராத்திரி ராத்திரியாகப் பேசிய ஆசாமி மரத்தடியில் போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் லாரி பழுதாகி நின்றால், பச்சைக் கிளைகளை ஒடித்து வண்டிக்குப் பின்னால் தள்ளிப் போட்டு எச்சரிப்பார்கள். நம்மூர் லாரிக்காரர்கள் செய்வதும் இதையேதான்.

மிருகங்களால் வந்த தொல்லை ஒப்பிட்டால் சில்லறை. தான்சானியாவின் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் பெரிய லாரி போகாது, ஜீப்பில்தான் இறங்க வேண்டும். விளிம்பில் உள்ள முகாம் 2,000 மீட்டருக்கு மேல், நல்ல குளிர். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு யானை சர்வசாதாரணமாக வந்து குடித்துவிட்டுப் போகும். அதைவிட ஆபத்து, கீழே மதியச் சாப்பாட்டு இடத்தில் வட்டமிடும் பருந்துகள். என் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த கோழிக்கால் போனதே தெரியவில்லை, விரலில் நகக்கீறல் மட்டும் இருந்தது. வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள்.

எல்லைகளில் நம் பாஸ்போர்ட்டுக்குத்தான் நேரம் அதிகம். மற்றவர்கள் முத்திரை வாங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், நமக்காக வண்டி காத்திருக்கும். முடிந்த விசாக்களைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். ஊசி போட்டதற்குக் கொடுக்கும் சான்று அட்டை 10 நாள் கழித்துத்தான் செல்லும். ஜாம்பியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்கு ஜாம்பேசி ஆற்றை முன்பு மிதவையில் கடப்போம், சரக்கு லாரி வரிசை நாள்கணக்கில் நிற்கும். 2021 மே மாதம் 923 மீட்டர் நீளக் கசுங்குலா பாலம் திறந்தபிறகு அந்தத் தலைவலி போயிற்று.

போட்ஸ்வானாவுக்குள் வேறொரு சடங்கு. கோமாரி நோய் பரவாமலிருக்கக் கால்நடை வேலிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, மருந்துக் கரைசலில் ஊறிய விரிப்பை மிதிக்க வேண்டும். பையிலுள்ள மற்ற செருப்பு, ஷூவையும் எடுத்து வந்து அதில் அழுத்த வேண்டும். பச்சை இறைச்சி இருந்தால் பறிமுதல். அதனால் முந்தின ராத்திரியே சமையல்காரர் இருக்கிற மாட்டிறைச்சியை எல்லாம் வறுத்துத் தீர்த்துவிடுவார்.

சைவக்காரர்களுக்கு மக்காச்சோளக் களியும் கீரையும் பாஸ்தாவும்தான் திரும்பத் திரும்ப. நான் சாம்பார் பொடி மட்டும் கொண்டுபோவேன். துவரையை அங்கேயே வாங்கலாம், தான்சானியாவும் மலாவியும் நமக்கே ஏற்றுமதி செய்கிற சரக்கு அது. பிரஷர் குக்கர் இல்லாமல் வேக ரொம்ப நேரம் பிடிக்கும், முதல் நாளே ஊறப்போடுங்கள்.

ஜூன், ஜூலையில் நமீபியப் பாலைவனத்தில் ராத்திரி நடுக்கி எடுக்கும், கனமான ஸ்லீப்பிங் பேக் வேண்டும். பழைய வருடத்து டாலர் நோட்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். பதிவு செய்யும்போது தனிச் சமையல்காரர் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவாகக் கிடைத்ததென்று நான் சேர்ந்த ஒரு பயணத்தில் டிரைவரே சமையலும் பார்த்தார். டயர் வெடித்த நாளில் எல்லோருக்கும் ராத்திரி பத்து மணிக்கு பிரெட்டும் ஜாமும்தான் கிடைத்தது.