ராமநாதபுரம் ஃப்ளெக்ஸ் கடை: அச்சு அருமை, ஆங்கிலம் கவனம்

கருவாட்டுக் கடையோ லாட்ஜோ, எந்த போர்டு கேட்டாலும் இங்கே ‘அன்பேரலல்டு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். ஈடு இணையற்ற என்று பொருள், போடலாம், தப்பில்லை. எழுத்துக்கூட்டில்தான் சறுக்கல். இரட்டை ‘எல்’ நடுவில் வர வேண்டும், கடைசி ‘இ.டி.’க்கு முன்னால் ஒற்றை ‘எல்’ போதும். இவர்கள் மாதிரியில் அது இடம் மாறிக் கிடக்கிறது. அதே பொருள் தரும் ‘அன்ரைவல்டு’க்கு பிரிட்டிஷ் முறையில் ‘இ.டி.’க்கு முன் இரண்டு ‘எல்’ வரும்; குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். இந்தச் சொற்களுக்கு முன்னால் ‘மோஸ்ட்’ (மிக) போடலாமா என்பார்கள், வேண்டாம்; இணையே இல்லாததற்கு ‘மிக’ எதற்கு? ‘அன்மேட்ச்டு’க்கும் இணையற்ற என்றுதான் பொருள், ஆனால் ஜவுளிக்கடைக்குப் போடவே கூடாது. ஜோடி சேராத துணி என்றும் படிக்கலாம்!

அச்சில் குறையில்லை, நிறம் பளிச்சென்று வருகிறது. பாம்பன், மண்டபம் பக்கம் மாட்டுவதானால் ஓரத்தை மடித்து ஒட்டி, ஒன்றரை அடிக்கு ஓர் ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையில் மட்டும் கட்டினால் காற்று கிழித்துவிடும். இரும்புச் சட்டத்துக்கு பிரைமர் அடித்தபின் பெயிண்ட். இல்லையென்றால் உப்புக்காற்றில் வெல்டிங் மூட்டுதான் முதலில் துருப்பிடிக்கும். அச்சுக்கு முன் பார்க்கும் புரூஃப் வாட்ஸ்அப்பில் வரும். எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சரி சொல்லுங்கள், அச்சடித்த பிறகு திருத்தினால் முழுக்காசு.