சாட்ஸ்வர்த் கிரெச்: டீச்சர் போனதும் பாதி போச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கிரெச்சில் (குழந்தைகள் காப்பகம்) 11 மாதமாக மகளை விடுகிறோம், அவளுக்கு இப்போது இரண்டரை வயது. கிரெச்சின் பெயர் போடவில்லை, ஏன் என்று படித்தால் புரியும்.

இடம் சுத்தம், கேட் எப்போதும் பூட்டியிருக்கும், மதியம் சூடாகப் பருப்பும் சோறும். சரி, அதெல்லாம் வேறு இடத்திலும் கிடைக்கும். நாங்கள் இங்கேயே இருந்ததற்குக் காரணம் சின்னப் பிள்ளைகளின் டீச்சர்தான். ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டிப் பெயர் எழுதுவார், படிக்கத் தெரியாத வாண்டுகளுக்காகப் பக்கத்தில் ஒரு படம், என் மகளுக்கு வாத்து. மாலையில் போனால் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். அவருடையது பாட்டியோடு தமிழ் போய்விட்ட குடும்பம், ஆனாலும் "வா கண்ணு" மட்டும் அவர் வாயில் தங்கியிருந்தது.

போன மாதம் வேலையை விட்டுவிட்டார்.

ஆறு வருடம் இருந்தவர். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பில் நாலாம் லெவல் சான்றிதழுக்கு அப்புறம் சொந்தக் காசில் ஐந்தாம் லெவலும் முடித்தார், படித்ததற்காக ஒரு சென்ட் கூட ஏறவில்லை. குறைந்தபட்சக் கூலிதான்: 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, வாரம் 45 மணி நேரம் பார்த்தாலும் மாதம் 5,600 சொச்சம். நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் அதே. மேலே போகலாம் என்றால் டீச்சருக்கு மேல் நேராக ஓனர்தான். பள்ளிக்கூடத்தில் கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) எடுக்கலாம் என்று விசாரித்தால் டிப்ளமோவோ பட்டமோ கேட்டிருக்கிறார்கள், இந்தச் சம்பளத்தில் எங்கே படிப்பது? சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்குப் போய்விட்டார், அங்கே 900 ராண்ட் கூடுதலாம்.

ஓனரை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. நாங்கள் கட்டும் 1,900 ராண்டில்தான் வாடகை, சாப்பாடு, கரண்ட் எல்லாம். அரசு மானியம் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்டிலேயே வருடக்கணக்கில் நின்று 2025 பட்ஜெட்டில்தான் 24 ஆனது. ஆனால் புது ஊஞ்சலுக்கும் இரண்டாவது கேமராவுக்கும் எங்கிருந்தோ பணம் வந்ததே, அதுதான் உறுத்துகிறது.

புது டீச்சர் நல்ல பெண்தான், மூன்றே வாரத்தில் வேறு வேலை தேடுவதாக அவரே சொல்லிவிட்டார். கிரெச் பார்க்கப் போகிறவர்கள் ஊஞ்சலை விடுங்கள், டீச்சர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். பாட்டில்களில் இப்போது அச்சடித்த ஸ்டிக்கர், வெறும் பெயர்தான். இந்த வாரம் இரண்டு தடவை மகள் அடுத்த பிள்ளையின் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தாள்.