டைட்டனால் கிராஸ் போர்ட்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

ஸ்னோபோர்ட் கிராஸ் (மேடுகளும் தாவல்களும் உள்ள பனித்தடத்தில் பலர் ஒன்றாக ஸ்னோபோர்டில் சறுக்கும் பந்தயம்) பழகத் தொடங்கும் பெண்ணுக்கு முதல் போர்டாக டைட்டனால் ரேஸ் போர்டைச் சொல்ல மாட்டோம். தகுதிச் சுற்றைத் தாண்டி நேருக்கு நேர் ஓட்டங்களுக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு வேறு எதையும் சொல்ல மாட்டோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்த போர்ட் பிடித்த பிடியை விடாது.

பெயரில் டைட்டானியம் ஒலித்தாலும் டைட்டனால் என்பது அலுமினியக் கலவை. மர உள்கட்டையின் மேலும் கீழும் மெல்லிய தகடாக ஒட்டப்படுகிறது. எட்ஜை, அதாவது போர்டின் உலோக விளிம்பை, ஒட்டி ரப்பர் பட்டையும் போடுவார்கள். கண்ணாடியிழை மட்டும் வைத்துச் செய்த போர்ட் இறுகிய பனியில் வேகம் பிடித்ததும் மூக்குப் பக்கம் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் எட்ஜ் ஒரு கணம் பனியை விட்டு எழும், அங்கேதான் நேரம் கரைகிறது. தகடு அந்த அதிர்வை விழுங்கிவிடும். வளைவுச் சுவரில் ஏறி இறங்கும்போது போர்ட் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடும். எடை கூடுதல்தான், ஆனால் சமதளத்தில் அது பாரமாகத் தெரியாது.

அதே குணம் தரையிறங்கும்போது எதிரியாகும். அமெரிக்க வீராங்கனை லிண்ட்ஸி ஜாகோபெல்லிஸின் 2006 டூரின் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தை இதற்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பின்னால் வருபவரைவிட வெகுதூரம் முன்னே இருந்தவர், கடைசிக்கு முந்தைய தாவலில் காற்றில் போர்டைக் கையால் பிடித்தார். குதிகால் பக்க எட்ஜில் இறங்கி விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் கடந்துபோய்த் தங்கத்தை எடுத்தார், ஜாகோபெல்லிஸுக்கு வெள்ளி. பிடித்தது தப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் பாடம் இறங்கிய கோணத்தில் இருக்கிறது. பனிப் பூங்காவில் வித்தை காட்டும் போர்ட் சற்றுச் சாய்ந்து இறங்கினால் சறுக்கிச் சமாளிக்கும். பந்தயத்துக்குக் கூர்தீட்டிய எட்ஜ் தொட்ட இடத்திலேயே கடித்துவிடும். இந்த போர்டில் தட்டையாக இறங்கப் பழகாதவருக்கு ஒவ்வொரு தாவலும் ஆபத்து.

2010 வான்கூவர் அரையிறுதியில் ஜாகோபெல்லிஸ் தடம் விலகி, கடக்க வேண்டிய கேட்டைத் தவறவிட்டுத் தகுதியிழந்தார். 2014 சோச்சியில் அரையிறுதியில் விழுந்தார். 2018 பியோங்சாங்கில் மயிரிழையில் பதக்கம் போய் நான்காவது. இவற்றுக்கு முன்னும் இடையிலுமாக 2005, 2007, 2011, 2015, 2017 என்று ஐந்து முறை தனிநபர் உலகச் சாம்பியன், எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுப் போட்டியில் பத்துத் தங்கம். பிறகு 2022 பெய்ஜிங், 36 வயதில் தனிநபர் தங்கம், மூன்று நாளில் சக அமெரிக்கர் நிக் பௌம்கார்ட்னருடன் கலப்பு அணித் தங்கம். நல்ல போர்ட் ஒரு நாளில் தருவது வேகம் மட்டும்தான். மீதி இத்தனை வருடப் பழக்கம்.

வாங்கும்போது எல்லாரும் நீளத்தைத்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது விறைப்பு. 55 கிலோ எடையுள்ளவர் ஆண்களுக்கான விறைப்பில் போர்ட் எடுத்தால் அது வளையாது. வளையாத போர்ட் திருப்பத்தில் வெளிப்பக்கமாக ஓடும், அங்கே உள்பக்கம் ஒரு ஆள் புகுந்துவிடுவார். தொடக்க கேட்டிலிருந்து கிளம்பியதும் வரும் மேடுகளிலும் இதே கதை: அழுத்தி வேகம் எடுக்க வேண்டிய இடத்தில் போர்ட் மேட்டைத் தட்டிக் குதிக்கும். அந்த எடைக்கு 155 செ.மீ.யை ஒட்டிய நீளம் சரியாக இருக்கும், விறைப்பு பொருந்தினால் இரண்டு மூன்று செ.மீ. கூடக் குறையப் பரவாயில்லை. அகலம் பூட் அளவைப் பொறுத்தது. பூட் நுனி வெளியே நீட்டினால் ஆழமாகச் சாயும்போது பனியில் உரசி எட்ஜைத் தூக்கிவிடும். பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்குக்குக் கீழே உயரத் தட்டு வைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

தட்டு வைத்தால் ஸ்க்ரூவைக் கவனியுங்கள். தட்டுக்கென்று நீளமான எம்6 ஸ்க்ரூ வரும். தட்டைக் கழற்றிவிட்டு அதே ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினால், நுனி உள்ளே போய் அடிப்பரப்பைத் தள்ளும். அடிப்பரப்பில் பூசிய வேக்ஸை (மெழுகை) சுரண்டும்போது ஸ்கிரேப்பர் ஓரிடத்தில் மெல்லத் துள்ளும், சாய்த்துப் பார்த்தால் காசளவு புடைப்பு தெரியும். அது கல்லில் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஸ்க்ரூ குட்டையாக இருந்தாலும் கெடுதல்தான்: ஐந்தாறு சுற்று முழுதாக இறங்கவில்லை என்றால் போர்டுக்குள் பதித்திருக்கும் இன்ஸர்ட்டோடு (திருகுத் துளையோடு) பிடுங்கிக்கொண்டு வரும்.

எட்ஜ் கோணத்தில் புதியவர்கள் அதிகக் கூர்மைக்கு ஆசைப்படுகிறார்கள். பக்கவாட்டில் 88 டிகிரி, அடியில் 1 டிகிரி என்று தொடங்குங்கள். அடியில் அரை டிகிரிக்குக் குறைத்தால் பிடி கூடும், தவறாக இறங்கும்போது தரும் மன்னிப்பு போய்விடும். மூக்கிலும் வாலிலும் பனியைத் தொடத் தொடங்கும் இடத்தை ரப்பர் கல்லால் லேசாக மழுக்கிவிடுங்கள்.

வேக்ஸ் இஸ்திரியை 120 முதல் 130 டிகிரி செல்சியஸில் வைத்து நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். மேற்புறத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உலோகம், மரம், ரப்பர் மூன்றும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. அதிகச் சூட்டில் பசை விட்டு அடுக்குகள் பிரியும், டைட்டனால் போர்ட் சாகும் வழிகளில் இது முக்கியமானது. ஃபுளோரின் கலந்த வேக்ஸ் வேண்டாம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு அதற்கு விதித்த தடை 2023-24 பருவம் முதல் அமலில் இருக்கிறது, போர்டின் அடியைக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். பழைய ஃபுளோரின் ஒட்டிய பிரஷ்கூடப் பிரச்சினை தரும், எனவே பிரஷ்களையும் புதிதாக வாங்கிவிடுங்கள். இறுகிய பனியில் ஒரு நாள் முழுக்க ஓடினால் எட்ஜை ஒட்டிய அடிப்பரப்பு வெளுத்துப் பஞ்சுபோல ஆகும். அந்த ஓரத்துக்குக் கடினமான வேக்ஸ் ஒரு பூச்சு தனியாகப் போடுங்கள்.

பழைய போர்ட் வாங்குவதாக இருந்தால், தகடு ஒருமுறை மடங்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது என்பதை மறக்கக் கூடாது. பளபளப்பு எதையும் சொல்லாது. போர்டை வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, மூக்கிலிருந்து வால்வரை ஒரு கண்ணால் பாருங்கள். முன் பைண்டிங்குக்குச் சற்று முன்னே அலைபோல ஒரு நெளிவு தெரிந்தால் எத்தனை மலிவானாலும் கீழே வைத்துவிடுங்கள்.