பிஎஃப் பாஸ்புக்: கம்பெனிக் கடிதம் கிடைக்காதவரின் கனடா விண்ணப்பத்தை எவ்வளவு தாங்கும்?

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாள் கெடு ஓடத் தொடங்கிவிடும். பழைய கம்பெனி கைவிரிப்பதும் அப்போதுதான் தெரியவரும். ஒன்று, கம்பெனியே மூடிப்போயிருக்கும். இல்லையென்றால் 'பதவியும் தேதியும் மட்டும்தான் போட்டுத் தருவோம்' என்று எச்ஆர் முடித்துவிடும். கனடா கேட்பதோ லெட்டர்ஹெட்டில் பதவி, செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள், மேலதிகாரி அல்லது எச்ஆர் கையெழுத்து எல்லாம் உள்ள கடிதம். அது இல்லாதபோது இந்தியாவில் வேலை பார்த்தவர்கள் முதலில் தேடிப் போவது, பிஎஃப்பை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிஎஃப் பாஸ்புக். இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு உதவும் என்று மட்டும் இங்கே பார்ப்போம்.

வேலை பார்த்த காலத்தைக் காட்ட இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நிறுவனத்தின் பெயர், மெம்பர் ஐடி, மாதவாரியாகக் கட்டிய தொகை எல்லாம் அந்தந்த மாதத்திலேயே பதிவானவை. விண்ணப்பத்துக்காக யாரும் உட்கார்ந்து தயாரித்தவை அல்ல. 12 மாதப் பதிவுகள் விடாமல் இருந்தால், அந்த ஓராண்டு இடைவெளியின்றி வேலையில் இருந்ததற்கு வலுவான சான்று.

ஆனால் அப்படியே பதிவேற்றினால் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது, சம்பளம். பல நிறுவனங்கள் சட்ட வரம்பான மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மட்டுமே பிஎஃப் கட்டுகின்றன. மாதம் 60,000 வாங்கியவரின் பாஸ்புக்கிலும் ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, பென்ஷன் 1,250 என்ற அதே மூன்று எண்கள்தான் வரிசையாக நிற்கும். இந்திய பிஎஃப் வரம்பு தெரியாத அதிகாரிக்கு, விண்ணப்பத்தில் சொன்ன சம்பளம் பொய்யோ என்று தோன்றும். வரம்பைப் பற்றி விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதி, சம்பளச் சீட்டையும் வங்கி ஸ்டேட்மென்டையும் பக்கத்திலேயே வையுங்கள்.

இரண்டாவது, மாதம். ஏப்ரல் சம்பளத்துக்கான பணத்தை மே 15-க்குள் கட்டுவார்கள். அதனால் 2019 ஏப்ரலுக்கான பதிவில் 'டியூ மன்த் 052019' என்றுதான் இருக்கும். இதைப் பார்த்து வேலையில் சேர்ந்த மாதத்தை ஒன்று தள்ளிப் போட்டுவிடுபவர்கள் உண்டு. சம்பள மாதத்தைக் காட்டும் 'வேஜ் மன்த்' என்ற பத்தியைப் பாருங்கள்.

மூன்றாவது, விலகிய தேதி. முதலாளி அதைப் பதியாமல் விட்டிருந்தால், சர்வீஸ் ஹிஸ்டரியில் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகக் காட்டும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால், மெம்பர் போர்ட்டலில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போட்டுக்கொள்ளலாம். கடைசிப் பணம் எந்த மாதத்துக்கோ அந்த மாதத்துத் தேதியைத்தான் அது ஏற்கும். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும். அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே முடித்துவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் சில, சொந்த பிஎஃப் டிரஸ்ட் வைத்திருக்கும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பாஸ்புக் திறக்காது. டிரஸ்ட் தரும் ஆண்டு ஸ்டேட்மென்ட்தான் வழி.

பாஸ்புக்குத் துணையாக, சம்பளத்தில் பிடித்த வரிக்கு முதலாளி தரும் சான்றிதழான ஃபார்ம் 16-இன் பகுதி 'ஏ' மிக நல்லது. முதலாளியின் டான் எண்ணும் (வரி பிடிப்பவருக்கான கணக்கு எண்), எந்தத் தேதியிலிருந்து எதுவரை வேலை என்பதும் அதில் இருக்கும். அது தொலைந்திருந்தால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையை எடுங்கள். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அது வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 192-இன் கீழ் வரும்.

செய்த பணிகளைக் காட்டுவதில் பாஸ்புக்குக்குப் பூஜ்யம்தான். கனடா பார்ப்பது பதவிப் பெயரை அல்ல. கனடாவின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலான என்ஓசியில், உங்கள் குறியீட்டில் சொன்ன வேலையைச் செய்தீர்களா என்பதை. அந்த இடத்தை நிரப்ப, முன்னாள் மேலதிகாரியிடம் நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும். அவர் எந்தப் பதவியில் இருந்தார், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை உங்களை மேற்பார்வையிட்டார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, அன்றாடம் நீங்கள் செய்தது என்ன, அவருடைய போன் எண், மின்னஞ்சல் எல்லாம் அதில் வேண்டும். அவரும் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் இணைக்காவிட்டால் பத்திரத்துக்கு மதிப்பு குறையும். என்ஓசி பக்கத்திலிருந்து வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினால் சந்தேகம்தான் வரும். எந்த மென்பொருள், எத்தனை பேர் குழு, எந்த வாடிக்கையாளர் வகை என்று அவர் தன் வார்த்தையில் எழுதட்டும். நடக்காததை எழுதிவிடாதீர்கள், தவறான தகவலுக்கு ஐந்து ஆண்டுத் தடை.

கடிதம் கேட்டு எச்ஆருக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் அவர்கள் மறுத்த பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மூடியிருந்தால் அதற்கான அரசுப் பதிவைச் சேர்த்துவிடுங்கள். முயற்சி செய்தும் கிடைக்கவில்லை என்பது காகிதத்தில் தெரிய வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு பிடிஎஃப்தான்: முதலில் விளக்கக் கடிதம், அடுத்து பிரமாணப் பத்திரம், பிறகு பாஸ்புக், ஃபார்ம் 16, சம்பளச் சீட்டு. கோப்பு 4 எம்பி-யைத் தாண்டக் கூடாது என்பதால், ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எழுத்து மங்காமல் அடங்கும்.

ஒப்பந்தத் தொழில்முறையாளராக, 194ஜே பிரிவில் (தொழில்முறைக் கட்டணத்தில் வரி பிடிக்கும் பிரிவு) பணம் வாங்கியவர்களுக்கு பிஎஃப்பே இருக்காது. அவர்கள் பாஸ்புக்கை விட்டுவிட்டு 26ஏஎஸ், இன்வாய்ஸ், வங்கி வரவு மூன்றையும் மாதவாரியாகப் பொருத்திக் காட்டட்டும்.