ஓப்பன்ரிஃபைன்: பொய்யாக நிரப்பிய கட்டங்களைக் களையெடுக்கும் கருவி

பலர் கைப்பட்ட எக்செல் பட்டியலைத் தரவுத்தளத்தில் ஏற்றிய பிறகுதான், விவரம் தெரியாத இடங்களை ஒவ்வொருவரும் எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள் என்பது தெரியவரும். கைபேசி எண் இல்லாத இடத்தில் 9999999999, பிறந்த தேதிக்கு 01-01-1900, மின்னஞ்சலுக்கு ஒரு சிறு கோடு, முகவரிக்கு ‘இல்லை’ என்று அவை விதவிதமாக இருக்கும். தரவுத்தளமோ இவை அனைத்தையும் உண்மையான மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். சராசரி வயது எகிறும். ஒரே மின்னஞ்சல் இரண்டு வரிகளில் வரக்கூடாது என்று விதி வைத்திருந்தால், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் ‘நல்’ (NULL) எனப்படும் ‘மதிப்பே இல்லை’ என்ற குறியை எத்தனை முறை வந்தாலும் ஏற்கும். ஆனால் அந்தச் சிறு கோடு இரண்டாம் முறை வந்தாலே பிழை காட்டி நின்றுவிடும்.

இந்தக் குப்பையை அகற்ற நான் பரிந்துரைப்பது ஓப்பன்ரிஃபைன். 2010இல் மெட்டாவெப் நிறுவனத்தின் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸாகத் தொடங்கி, கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியதும் கூகுள் ரிஃபைன் ஆகி, 2012இல் கூகுள் ஒதுங்கிக்கொண்ட பின் தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் இலவசத் திறமூல மென்பொருள் இது. பிரவுசரில் திறந்தாலும் நம் கணினியிலேயே இயங்குவதால், பட்டியலில் உள்ளவர்களின் விவரங்கள் வெளியே போவதில்லை. மூலக் கோப்பையும் அது தொடுவதில்லை.

இதன் உயிர்நாடி டெக்ஸ்ட் ஃபேசட் என்ற வசதி. ஒரு நெடுவரிசைக்கு அதைத் திறந்தால், அதிலுள்ள வெவ்வேறு மதிப்புகள் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையோடு இடப்பக்கம் வரிசையாக வந்து நிற்கும். ‘பொருந்தாது’ என்பதற்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதும் ‘என்ஏ’ (NA) என்பதும், பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்ட ‘என்ஏ’ என்பதும் தனித்தனி வரிகளாகத் தெரியும். தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் மொழியில் மதிப்புகளை மாற்றும் ‘அப்டேட்’ கட்டளையை எழுதும்போது நாம் கோட்டைவிடுவது இத்தகைய வேறுபாடுகளைத்தான். தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து ‘டூ நல்’ கட்டளையைக் கொடுத்தால், அந்த வரிகள் மட்டும் உண்மையான காலியாகிவிடும். ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச் சரத்தையும் ‘நல்’ மதிப்பையும் வெவ்வேறாகக் காட்டுவது இதன் தனிச்சிறப்பு.

எதையும் தானாக முடிவு செய்யாததை நான் குறையாகக் கருதவில்லை. பைத்தான் நிரல்மொழியில் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு, கோப்பைப் படிக்கும்போதே ‘என்ஏ’ என்ற எழுத்துகளை இயல்பாகக் காலி என்று கொண்டுவிடும்; நமீபியாவின் நாட்டுக் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள்தான் என்பதால், தனியாகத் தடுக்காவிட்டால் ஒரு நாடே பட்டியலிலிருந்து மறைந்துபோகும். ஓப்பன்ரிஃபைன் அதை எழுத்தாகவே விட்டுவைக்கிறது. கட்டண நெடுவரிசையில் உள்ள பூஜ்யம், கட்டண விலக்கா, விவரம் தெரியாததா என்பதைப் பட்டியலைத் தயாரித்தவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். காலியாக இருப்பது எல்லாமே ‘நல்’ மதிப்பும் அல்ல: எக்செலில் இணைக்கப்பட்ட கட்டத்தின் மதிப்பு முதல் வரியில் மட்டும் வந்து, கீழ்வரிகள் வெறுமையாக நிற்கும், அவற்றுக்கு ‘ஃபில் டவுன்’ கொடுத்து மேலுள்ள மதிப்பை இறக்க வேண்டும்.

செய்த வேலைகளின் பதிவை ஜேசன் (JSON) என்ற உரைக்கோப்பு வடிவில் எடுத்துவைத்து, அடுத்த மாதக் கோப்பின்மீது அப்படியே ஓட்டலாம். ஆனால் ஒற்றைக் கட்டத்தில் கையால் செய்த திருத்தம் அந்தப் பதிவில் சேராது. ஆகவே ஒரே ஒரு கட்டமானாலும் ஃபேசட் வழியாகத் திருத்துவதே நல்லது.

குறைகளும் உண்டு. இறக்குமதித் திரையில் எழுத்துகளை எண்ணாக மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், சிஎஸ்வி (காற்புள்ளியால் மதிப்புகளைப் பிரித்த உரைக்கோப்பு) கோப்பிலுள்ள 044 என்ற சென்னைக் குறியீடு 44 ஆகிவிடும். இயல்பாக ஒதுக்கப்படும் நினைவகம் ஏறத்தாழ 1 ஜிபிதான் என்பதால், பல லட்சம் வரிகள் கொண்ட கோப்புக்கு அமைப்புக் கோப்பில் அதைக் கூட்டியாக வேண்டும். தரவு ஏற்கெனவே தரவுத்தளத்துக்குள் போய், வேறு அட்டவணைகளோடு பிணைந்துவிட்டதென்றால் இதை நாடாமல், காப்புப்படி எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட மதிப்பை ‘நல்’ ஆக்கும் நல்இஃப், ஓர இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஆகிய எஸ்க்யூஎல் கட்டளைகளை வைத்து அங்கேயே சரிசெய்வதுதான் பாதுகாப்பு. ஏற்றுவதற்கு முந்தைய கட்டத்தில் கோப்பு கையில் இருக்கும்போது, இதைவிட வசதியான இலவசக் கருவியை நான் பயன்படுத்தியதில்லை.