டிராஃபிக் ப்ராக்ஸியும் நானும்: 1.7 முதல் 3.6 வரை

Traefik என்று பெயரில் எழுத்தை வளைத்து வைத்திருக்கிறார்களே தவிர, உச்சரிப்பு நம்ம ரோட்டு டிராஃபிக்தான். கோ (Go) நிரல் மொழியில் எழுதிய இந்த ரிவர்ஸ் ப்ராக்ஸியை (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே சரியான சர்வருக்கு அனுப்பும் மென்பொருள்) 2018 கடைசியில் 1.7 பதிப்பில் தொட்டேன். இப்போது 3.6 ஓடுகிறது. வீட்டு மூலையில் ஒரு மினி பிசி, அதில் பதினைந்து டாக்கர் கன்டெய்னர்கள் (ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் முறை), அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

அதற்கு முன்னால் இதே வேலைக்கு என்ஜின்எக்ஸ் (nginx). கன்டெய்னர் ஒன்று கூடினால் கான்ஃபிக் கோப்பும் ஒன்று கூடும், அப்புறம் ரீலோடு. டிராஃபிக்கோ டாக்கரோடு பேசும் வாசலான டாக்கர் சாக்கெட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் நாலு லேபிள் போட்டால், எந்த முகவரி எந்தக் கன்டெய்னருக்கு என்ற ரூட் தானாக உருவாகிவிடும், ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: எல்லாக் கன்டெய்னரையும் வெளியே காட்டுவதுதான் அதன் டிஃபால்ட். நிறுவியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

2019 செப்டம்பரில் வந்த 2.0, ஃபிரன்ட்எண்ட், பேக்எண்ட் என்ற பழைய சொற்களை எடுத்துவிட்டு ரவுட்டர், சர்வீஸ், மிடில்வேர் (கோரிக்கையை நடுவில் பிடித்து மாற்றும் துண்டு) என்று மாற்றியது. லேபிள் எல்லாவற்றையும் திரும்ப எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. புலம்பினேன். ஆனால் மிடில்வேரைச் சங்கிலியாகக் கோக்கும் வசதியும் வெப் அல்லாத இணைப்புகளுக்கும் உதவும் டிசிபி ரூட்டிங்கும் அதில்தான் கிடைத்தன.

2024 ஏப்ரலில் வந்த 3.0 அவ்வளவு படுத்தவில்லை. பழைய ரூல் எழுதும் முறையையே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள ஒரு ஆப்ஷன் கொடுத்திருந்தார்கள். வெப்பின் புதிய நெறிமுறையான ஹெச்டிடிபி/3 சோதனை நிலையிலிருந்து வெளியே வந்தது. நானும் ஆன் செய்து ஒரு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் கம்போஸில் 443 போர்ட்டைச் சும்மா எழுதினால் டிசிபி மட்டும்தான் திறக்கும், ஹெச்டிடிபி/3 ஓடும் யுடிபிக்குத் தனி வரி வேண்டும். அது இல்லாததால் பிரவுசர் சத்தமில்லாமல் ஹெச்டிடிபி/2 இலேயே ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையில் என்னைச் சுற்றலில் விட்டது எந்தப் புது வசதியும் இல்லை, ஒரு எண். முன்பெல்லாம் கோரிக்கையைப் படித்து முடிக்கும் நேரத்துக்கு வரம்பே கிடையாது. வேண்டுமென்றே மெதுவாக அனுப்பி இணைப்புகளை அடைத்துக்கொள்ளும் தாக்குதலைத் தடுக்க, 2.11.2 இலும் 3.0 இலும் அதை 60 விநாடி ஆக்கினார்கள். நியாயமான மாற்றம்தான். அக்கா போனிலிருந்து கல்யாண வீடியோவை என் போட்டோ சர்வருக்கு ஏற்றினாள், ஒரு நிமிடத்தில் அறுந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அறுந்தது. "உன் நெட்டு சரியில்லக்கா" என்று நானும் அடித்துச் சொன்னேன். டிஸ்க்கைப் பார்த்தேன், போட்டோ சர்வரின் லாகைப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான், படிக்காமல் விட்ட மைக்ரேஷன் பக்கத்தில் அந்த வரி கண்ணில் பட்டது. வரம்பைப் பத்து நிமிடமாக உயர்த்திவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் நெட்டைக் குறை சொன்னதை மட்டும் அவள் இன்னும் மறக்கவில்லை.

2025 நவம்பரில் இன்னொன்று. டாக்கர் 29, மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் ஏபிஐயின் குறைந்தபட்சப் பதிப்பை 1.44 ஆக உயர்த்தியது. டிராஃபிக்கோ 1.24 என்றே கேட்டுக்கொண்டிருந்தது. யோசிக்காமல் அப்டேட் கொடுத்தேன், எல்லாத் தளமும் 404. லேபிள்களைத் தோண்டுவதற்கு முன் லாகைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. காரணம் அதில் பச்சையாக எழுதியிருந்தது. டிராஃபிக் 3.6.1 இல் ஏபிஐ பதிப்பை டாக்கரோடு தானே பேசி முடிவு செய்யும்படி திருத்திவிட்டார்கள். இப்போது கம்போஸில் லேட்டஸ்ட் என்று எழுதுவதில்லை, பதிப்பு எண்ணையே போடுகிறேன்.

பிடிக்காதது? டாஷ்போர்டில் பார்க்க மட்டும்தான் முடியும், ஒன்றையும் மாற்ற முடியாது. டாக்கர் சாக்கெட்டை அப்படியே கொடுப்பது வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி, அதனால் தேவையான கோரிக்கைகளை மட்டும் உள்ளே விடும் ஒரு சாக்கெட் ப்ராக்ஸியை நடுவில் வைத்திருக்கிறேன். 3.2 இல் சோதனை வசதியாக வந்த, வேகத்துக்கான ஃபாஸ்ட் ப்ராக்ஸியைத் தொடவே இல்லை. பதினைந்து கன்டெய்னருக்கு அது எதற்கு?